கோல்மனை விட்டு வந்த டான் செர்ரி: எந்த ஆல்பம் விசித்திரம்?

1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் நால்வர் குழு வாசித்தபோது ஜாஸ் உலகம் இரண்டுபட்டது. அந்தக் குழுவின் ட்ரம்பெட்காரர் டான் செர்ரி. அவர் ஊதியது பாக்கெட் ட்ரம்பெட். குழாய் நீளம் வழக்கமானதுதான், சுருட்டல் மட்டும் நெருக்கம். அங்கிருந்து வந்தபின் தன் பெயரில் செய்த பதிவுகளில் எது விசித்திரத்தின் உச்சம் என்றால், பலரும் ‘எடர்னல் ரிதம்’ என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை.

‘கம்ப்ளீட் கம்யூனியன்’ (1966) இந்தப் போட்டிக்கே வராது. எல்பியின் ஒரு பக்கம் முழுக்க ஒரே தொடராக ஓடுவது அன்று புதுசுதான். காட்டோ பார்பியரியின் சாக்ஸபோனும் அனல். ஆனால் ஊதுவதற்கு இருவர், பேஸ், ட்ரம்ஸ் என்று கோல்மன் குழுவின் அதே கட்டமைப்பு. வீட்டை விட்டுக் கிளம்பியவர் பக்கத்துத் தெருவில் குடியேறிய கதை.

‘எடர்னல் ரிதம்’ 1968 நவம்பரில் பெர்லினில் பதிவானது. ஐரோப்பியக் கலைஞர்கள், அமெரிக்க கிதார்காரர் சானி ஷாராக், இந்தோனேசிய காமெலான் இசையின் உலோக வாத்தியங்கள், புல்லாங்குழல்கள் எல்லாம் ஒரே மேடையில். முதல் நிமிடங்களில் மணியோசையும் குழலும் கலக்கும்போது உண்மையிலேயே வேறு உலகம். கூட்டம் சூடேறியதும், அக்கால ஐரோப்பிய ஃப்ரீ ஜாஸ் (கட்டுப்பாடுகளை உதறிய ஜாஸ்) எங்கும் போட்ட அதே கூச்சல்தான் பாதி நேரம். வாத்தியங்கள் புதுசு, கோபம் பழசு.

என் ஓட்டு ‘மு’வுக்கு. 1969 ஆகஸ்டில் பாரிஸில் பதிவாகி இரண்டு பாகங்களாக வந்தது. இருப்பவர்கள் இரண்டே பேர்: செர்ரியும் ட்ரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல்லும். பேஸ் இல்லை, சாய்ந்துகொள்ளச் சுவர் எதுவும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ்காரரான பிளாக்வெல் தன் ஊர் ஊர்வலத் தாளத்தை உள்ளே வைத்தே அடிக்கிறார்; செர்ரி ட்ரம்பெட், குழல், பியானோ, குரல் என்று நினைத்த நேரத்தில் தாவுகிறார். பியானோ வாசிப்பு கற்றுக்குட்டித்தனமாகத் தோன்றும், அதை மறைக்கவும் முயலவில்லை. ஊதும் ஸ்வரம் பிசிறினால் பிசிறியபடியே நிற்கிறது. இவ்வளவு குறைவான பொருளை வைத்து இத்தனை தூரம் போனதுதான் எனக்கு விசித்திரம். ட்ரம்பெட்டுக்காகக் கேட்பவர் முதல் பாகத்தை எடுக்கலாம். குழலும் பியானோவும் குரலும் இரண்டாவதில் அதிகம்.

‘ஆர்கானிக் மியூசிக் சொசைட்டி’ (1972) இன்னொரு திசை. மனைவி மோகியோடு தென் ஸ்வீடனின் தோகார்ப்பில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் குடியிருந்த காலம் அது. மோகியின் தம்புரா, பிரேசில்காரர் நானா வாஸ்கொன்செலோஸின் பெரிம்பாவ் (வில் போன்ற ஒற்றைத் தந்தி வாத்தியம்), கூட்டுப் பாடல். ட்ரம்பெட் தேடினால்தான் கிடைக்கும். ஒரு தடத்தின் தலைப்பில் ‘ராக காம்போஜி’ என்றே இருக்கிறது. கச்சேரிக் காம்போதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இரண்டு எல்பி நீளத்துக்கு இது கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

விசித்திரமும் வேண்டும், முதல் தடவையே பிடிக்கவும் வேண்டும் என்பவருக்கு 1975-இல் பதிவான ‘பிரவுன் ரைஸ்’. ‘வா-வா’ என்று குரல்போல் நெளியும் பேஸின் மேல் கிசுகிசுக்கும் குரலோடு தலைப்புப் பாடல் தொடங்கும். கோல்மன் குழுத் தோழர்கள் சார்லி ஹேடனும் (பேஸ்) பில்லி ஹிக்கின்ஸும் (ட்ரம்ஸ்) இங்கே திரும்புகிறார்கள். ‘மால்கவுன்ஸ்’ என்ற தடம் (நம் ஹிந்தோளத்தின் வடக்கத்திய உடன்பிறப்பு) தம்புராவும் ஹேடனின் பேஸுமாக நிதானமாக விரிந்து, அப்புறம்தான் ட்ரம்பெட்டை உள்ளே விடுகிறது. செர்ரியின் தொனி இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எனக்குக் கேட்டதில்லை. பழைய எல்பி தேடுபவர்கள் மட்டும் கவனிக்க: அமெரிக்காவில் இதே ஆல்பம் வெறுமனே ‘டான் செர்ரி’ என்ற பெயரில் வந்தது. இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.