எண்ணெய் நன்றாக இருக்கிறது, அந்தப் பச்சை முத்திரைதான் சரியில்லை

இரண்டு மாதமாக ஒரே பிராண்டின் சூரியகாந்தி எண்ணெய், உப்பு, கார்ன்ஃப்ளேக்ஸ் மூன்றையும் வாங்கிப் பயன்படுத்துகிறோம். மூன்று பாக்கெட்டிலும் முகப்பில் ஒரே பச்சை முத்திரை: 'மரபணு மாற்றம் செய்யப்படாதது', அதாவது ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கிய பயிரிலிருந்து வந்தது இல்லை என்று. வாங்கியதே அதைப் பார்த்துத்தான். அக்கா ஆறு மாதக் கர்ப்பம், மரபணு மாற்றிய உணவு வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது செய்துவிடுமோ என்ற பயத்தில் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து இதை எடுத்தாள். பக்கத்தில் இருந்த மற்ற பிராண்டுகளை விட விலை அதிகம், போனால் போகட்டும் என்று வாங்கினோம்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை, பொரிக்கிறபோது பண்டம் அதிகம் குடிப்பதில்லை. கார்ன்ஃப்ளேக்ஸ் பாலில் போட்டதும் கூழாகாமல் நாலைந்து நிமிடம் மொறுமொறுப்பாக இருக்கிறது. உப்பு கட்டி பிடிக்கவில்லை. இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

என் குறை முழுக்க அந்த முத்திரை மேல்தான். உப்பில் மரபணு என்று ஒன்று கிடையவே கிடையாது. அது ஒரு தாது, அதில் யாரும் எந்த மரபணுவையும் மாற்ற முடியாது. சரி, எண்ணெயாவது? மரபணு மாற்றிய சூரியகாந்தி உலகத்தில் எங்கேயும் விற்பனைக்காகப் பயிரிடப்படுவதில்லை. ஆக, அக்கா எந்தக் கம்பெனியின் சூரியகாந்தி எண்ணெயை எடுத்திருந்தாலும் மரபணு மாற்றாத விதையிலிருந்து வந்த எண்ணெய்தான் அவளுக்குக் கிடைத்திருக்கும். முத்திரையில் இருப்பது பொய் இல்லை, ஆனால் பக்கத்துப் பாட்டிலில் ஏதோ இருக்கிறது போல என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டும், இதுதானே கணக்கு. ஒரு கர்ப்பிணியின் பயத்தில் காசு பார்ப்பது எனக்குக் கோபமாக வருகிறது.

கார்ன்ஃப்ளேக்ஸ் விஷயம் வேறு, அங்கே முத்திரைக்கு அர்த்தம் இருக்கிறது. அமெரிக்காவில் பயிராகும் மக்காச்சோளத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய ரகங்கள், சோயாவும் அப்படித்தான். மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தால், தண்டைக் குடைகிற புழுவை அந்தச் செடியே கொன்றுவிடும். இன்னொரு மாற்றம், களைக்கொல்லி அடித்தாலும் களை மட்டும் சாகும், பயிர் நிற்கும். அங்கே பயிராகும் பெரும்பாலான மக்காச்சோளத்தில் இரண்டுமே இருக்கிறது. இதைத் தவிர்க்க நினைப்பவருக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் பாக்கெட்டில் இருக்கிற முத்திரை உண்மையாகவே உதவும்.

உப்புக்கு எதற்கு இந்த முத்திரை என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "எங்கள் பொருளில் பூச்சிமருந்தே கிடையாது, எல்லாம் இயற்கை" என்று பதில் சொன்னார். இது உப்பைப் பற்றிய பதிலும் இல்லை, சரியான பதிலும் இல்லை. மரபணு மாற்றாத பயிர் என்றால் ரசாயனம் படாத பயிர் என்று அர்த்தம் இல்லை. சூரியகாந்தியிலேயே களைக்கொல்லியைத் தாங்குகிற ரகங்கள் இருக்கின்றன, வழக்கமான இனக்கலப்பில் வந்தவை, அவற்றின் எண்ணெய்க்கும் இதே பச்சை முத்திரையை ஒட்டலாம்.

வாங்குகிற நமக்கும் இதில் தெளிவு குறைவுதான். விதையில்லாத தர்பூசணி மரபணு மாற்றியது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம், அது வெறும் கலப்பினம். 2015இல் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், டிஎன்ஏ, அதாவது மரபணுக்கள் அடங்கிய மூலக்கூறு, உள்ள உணவுக்குக் கட்டாயம் லேபிள் வேண்டும் என்றார்கள். காய், பழம், இறைச்சி எல்லாவற்றிலும் டிஎன்ஏ இருக்கிறது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, யாரும் உட்கார்ந்து புரியும்படி சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அக்காவிடம் நான் சொன்னது இது: அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2016இல் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, சந்தையில் இருக்கிற மரபணு மாற்றிய உணவு சாதாரண உணவைவிட உடம்புக்கு அதிக ஆபத்து என்பதற்கு நிரூபணமான சான்று கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். களைக்கொல்லிக்கு அடங்காத களைகள் பெருகுவது பெரிய பிரச்சினை என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. பயம் குறைந்தாலும் அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அது அவள் உரிமை. ஆனால் எதைத் தவிர்க்கிறோம் என்று தெரிந்து தவிர்க்க வேண்டாமா?

ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கம்பெனிகள் பயப்படத் தேவையில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2016இல் லேபிள் கட்டாயமான பிறகு மரபணு மாற்றிய உணவுக்கு எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்தது என்று 2018இல் வந்த ஆய்வு சொல்கிறது. எந்தப் பயிர், என்ன மாற்றம், எதற்காக என்று பின்பக்கம் இரண்டு வரி போட்டால் எனக்குப் போதும்.

சோயா எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏ ஏறக்குறைய மிஞ்சாது. அமெரிக்காவில் 2022இல் கட்டாயமான லேபிள் விதிகளில், மாற்றிய மரபணுவைக் கண்டறிய முடியாத அளவுக்குச் சுத்திகரித்த உணவுக்கு விலக்கு தந்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ மரபணு மாற்றிய பயிரிலிருந்து வந்த எண்ணெய் என்றாலே லேபிளில் போட்டாக வேண்டும். அதனால் லேபிளில் ஒன்றும் இல்லை என்பதற்கு நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறும்.

கார்ன்ஃப்ளேக்ஸுக்கு 4 நட்சத்திரம், அதைத் தொடர்ந்து வாங்குவோம். எண்ணெய் தரத்துக்கு 4, விலைக்கு 2. அடுத்த முறை முத்திரை இல்லாத, விலை குறைந்த சூரியகாந்தி எண்ணெய்தான். இப்போதெல்லாம் அக்கா பாக்கெட்டின் முகப்பைப் பார்ப்பதில்லை, நேராகப் பின்பக்கம் திருப்பி மக்காச்சோளமோ சோயாவோ இருக்கிறதா என்று தேடுகிறாள். உப்பு எது கையில் கிடைக்கிறதோ அது.