டிராவல் கிரெடிட்: பணம் என்னுடையது, கெடு அவர்களுடையது

பல வருடங்களாக ஒரே விமான நிறுவனத்தில்தான் பறக்கிறேன். வேறு கம்பெனியில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் இதில்தான் போடுவேன். கோல்டு உறுப்பினர் அட்டையும் இருக்கிறது. விமானத்துக்குள் குறையே சொல்ல மாட்டேன். இருக்கை, சாப்பாடு, பணியாளர்கள் பேசும் விதம் எல்லாமே நன்றாக இருக்கும். என் கோபம் முழுக்க டிராவல் கிரெடிட் மேல்தான், அதாவது டிக்கெட்டை ரத்து செய்தால் பணத்துக்குப் பதில், அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லித் தரும் தொகை.

அக்டோபர் பயணத்துக்காக எனக்கும் கணவருக்கும் ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்திருந்தேன். கிளம்பும் நேரத்தில் மாமியாருக்கு அவசர அறுவை சிகிச்சை. ரத்து செய்தோம். பணம் திரும்பாத வகை டிக்கெட், கிரெடிட்தான் வரும் என்றார்கள். சரி, அது தெரிந்துதான் வாங்கினோம். கிரெடிட் ஒரு வருடம் செல்லும் என்று மின்னஞ்சல் வந்தது. ஆனால் அந்த ஒரு வருடத்தை ரத்து செய்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள்! கைக்கு வரும்போதே ஒன்பது மாதம் போய்விட்டது. மிச்சமிருக்கும் மூன்று மாதத்துக்குள் டிக்கெட் போட்டால் மட்டும் போதாது, பயணத்தையே முடித்துவிட வேண்டுமாம். படுக்கையில் இருப்பவரை விட்டுவிட்டு நாங்கள் எங்கே போவது?

விடுமுறைக்கு வரும் மகளுக்காவது அதில் டிக்கெட் போடலாம் என்று பார்த்தேன். யார் பெயரில் கிரெடிட் இருக்கிறதோ அவர்தான் பறக்க வேண்டுமாம். கூடுதல் பெட்டிக்கோ இருக்கைக் கட்டணத்துக்கோ கழிக்கவும் முடியாது. கோல்டு உறுப்பினர்களுக்கான எண்ணில் அழைத்தேன், உடனே எடுத்தார்கள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், தேதியை மாற்ற சிஸ்டத்தில் எங்களுக்கு வழியே இல்லை" என்றார். உறுப்பினர் அட்டையில் சேரும் பாயிண்டாகவாவது மாற்றித் தாருங்கள் என்றேன். அதுவும் முடியாதாம். அவர் மேல் தப்பில்லை. ஆனால் இத்தனை வருடம் இவர்களிடமே டிக்கெட் எடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது போனைச் சீக்கிரம் எடுத்தது மட்டும்தான்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2022-ல் கிரெடிட்டுக்குக் காலாவதியே கிடையாது என்று அறிவித்தது. 2025 மே 28 முதல் எடுக்கும் டிக்கெட்டுகளுக்கு அவர்களும் மறுபடி கெடு வைத்துவிட்டார்கள் என்பது வேறு வருத்தம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261-ஆம் விதிப்படி நீங்கள் கேட்டால் 7 நாளில் பணத்தையே தர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் பணத்துக்குப் பதில் வவுச்சரைத் தலையில் கட்ட முடியாது. அமெரிக்காவிலும் 2024-ல் இதுபோல் விதி வந்திருக்கிறது. அதனால் 'கிரெடிட் சம்மதம்' என்ற பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

இவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான்: ரத்து செய்த நாளிலிருந்து எண்ணுங்கள், குடும்பத்துக்குள் மாற்ற விடுங்கள். அதுவரை இரண்டு நட்சத்திரம். மகளுக்கு வேறு கம்பெனியில் டிக்கெட் போட்டுவிட்டேன்.