வெபர் 57 செ.மீ. கெட்டில் கிரில்: காசு கொடுப்பது மூடிக்கும் காற்றுத்துளைக்கும்

கரியில் சுட ஒரே ஒரு அடுப்புதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இதையே வாங்குங்கள். 1952-இல் ஜார்ஜ் ஸ்டீபன், தான் பணியாற்றிய வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் மிதவைகள் செய்யப் பயன்பட்ட அரைக்கோளங்களிலிருந்து உருவாக்கிய வடிவம் இது. இன்றும் அடிப்படை மாறவில்லை. கீழே ஒரு கிண்ணம், மேலே ஒரு மூடி, இரண்டிலும் காற்றுத்துளை. அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதால்தான், திறந்த அடுப்பில் முடியாத பாதி வேலைகள் இதில் முடிகின்றன.

47 செ.மீ. அளவு விலை குறைவு என்று அதற்குப் போகாதீர்கள். கிண்ணத்தின் ஒரு பக்கம் தணல், மறுபக்கம் காலி என்று இரண்டு வெப்பப் பகுதிகளாகப் பிரித்துச் சமைப்பதே இந்த அடுப்பின் பலம். 47-இல் அப்படிப் பிரித்தால் இரண்டு பக்கமும் இடம் போதாது.

காற்றைக் கட்டுப்படுத்தப் பழகுவதுதான் முக்கால்வாசி வித்தை. மேல்துளையை முழுக்கத் திறந்தே வையுங்கள். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த்துளையில். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி, இறைச்சியில் கசப்பு ஏறும். கீழே மூன்று தகடுகள் ஒரே நெம்புகோலில் சுழல்கின்றன. அடுப்பு ஆறியிருக்கும்போது உள்ளே பார்த்தபடி நெம்புகோலை நகர்த்தி, முழுத் திறப்பு, பாதி, கால் ஆகிய மூன்று இடங்களையும் மார்க்கரால் வெளியே குறித்துவிடுங்கள். தணலும் சாம்பலும் நிறைந்த பிறகு கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. துளையைக் கொஞ்சம் நகர்த்தினால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். ஏறிவிட்ட சூட்டை இறக்குவது கடினம். வேண்டிய சூட்டுக்கு இருபது டிகிரி முன்பே துளையைக் குறுக்கத் தொடங்குவது நல்லது.

பற்றவைக்கத் திரவ எரிபொருள் வேண்டாம். அதன் வாடை உணவில் ஏறும். கரியை நிரப்பிப் பற்றவைக்கும் உலோக உருளையான சிம்னி ஸ்டார்ட்டர் ஒன்றைக் கூடவே வாங்கிவிடுங்கள். அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைத் தளர்வாகக் கசக்கி வைக்க வேண்டும். இறுக்கித் திணித்தால் காற்று போகாமல் புகை மட்டுமே வரும். 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியின் ஓரங்கள் சாம்பல் பூத்துவிடும், அப்போது கொட்டுங்கள். அதற்கு முன்னால் கொட்டினால் பாதி கரி சமையலின் நடுவில்தான் பிடிக்கும், சூடு நிலையாக இருக்காது. அதிக நேரம் ஒரே சூடு வேண்டுமென்றால் பிரிக்கெட், அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகள். குறைந்த நேரத்தில் கடுஞ்சூடு வேண்டுமென்றால் மரக்கரி.

இந்த அடுப்பின் தரம் தெரிய, எலும்போடும் தோலோடும் உள்ள கோழித் தொடையைச் சுட்டுப் பாருங்கள். முக்கால் சிம்னி கரி ஒரு பக்கம். மறுபக்கம் கீழே கொழுப்பு சொட்ட ஒரு தட்டு. தொடைகளைத் தோல் மேலாகக் காலிப் பக்கத்தில் அடுக்கி, மூடியின் துளை இறைச்சிக்கு நேர்மேலே வரும்படி மூடுங்கள். அப்போதுதான் சூடும் புகையும் இறைச்சியைத் தாண்டி வெளியேறும். உள்ளே 190 முதல் 200 டிகிரி இருந்தால் 35–45 நிமிடம் பிடிக்கும். 74 டிகிரியில் சாப்பிடப் பாதுகாப்பானதுதான், ஆனால் தொடையின் இணைப்புத் திசு இளக 80-க்கு மேல் போகவேண்டும். கடைசி இரண்டு நிமிடம் தோல் கீழாகத் தணல்மேல். இனிப்புள்ள சாஸ் எதையும் முடியும் தறுவாயில் மட்டுமே தடவுங்கள். முன்பே தடவினால் சர்க்கரை கருகிவிடும். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து உணவில் ஒட்டும். இறைச்சியைக் காலிப் பக்கம் நகர்த்தி மூடுங்கள். காற்று குறைந்ததும் தீ தானே அடங்கும்.

மெதுவாகப் புகையூட்டவும் தனி அடுப்பு தேவையில்லை. பிரிக்கெட்டுகளை விளிம்பையொட்டி அரைவட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாக, இரண்டின்மேல் இரண்டாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பிடித்த கரி எட்டோ பத்தோ வையுங்கள். வரிசையாகக் கனன்றுகொண்டே போகும். கீழ்த்துளை கால் பங்கு திறந்திருந்தால் 110–130 டிகிரி பல மணி நேரம் நிற்கும். புகைக்காகக் கரியின்மேல் வைக்கும் மரத்துண்டுகளை ஊறவைக்க வேண்டியதில்லை. ஈரம் ஆவியாகி முடியும் வரை நல்ல புகை வராது.

குறைகளும் உண்டு. மூடியில் உள்ள வெப்பமானி மூடியின் உச்சிக்கருகில் உள்ள சூட்டைக் காட்டுகிறதே தவிர, இறைச்சி இருக்கும் கம்பித்தட்டின் சூட்டை அல்ல. வித்தியாசம் கணிசமாக இருக்கும். இறைச்சியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி இல்லாமல் இந்த அடுப்பு முழுமையாகாது. அடிப்படை மாடலின் சாம்பல் தட்டு திறந்தது, காற்றடித்தால் சாம்பல் பறக்கும். அதன் கம்பித்தட்டிலும் கீல் இல்லாததால், நடுவில் கரி சேர்க்க உணவோடு முழுத்தட்டையும் தூக்கவேண்டும். மூடிய சாம்பல் கலமும் கீல்தட்டும் உள்ள அடுத்த மாடலுக்குக் கூடுதல் பணம் தருவது வீண் அல்ல. பக்க மேசை, கொக்கிகள், விதவிதமான கரண்டிகள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சில மாதம் போனதும் மூடியின் உட்புறம் கருப்பாக உரிந்து விழும். பெயின்ட் உரிகிறது என்று பலர் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். எஃகின்மேல் சுட்டெடுத்த எனாமல் அப்படி உரியாது. அது புகையும் கொழுப்பும் படிந்து கரியான படலம். கசக்கிய அலுமினியத் தாளால் தேய்த்தால் போய்விடும். எனாமல் பயப்படுவது அடிபடுவதற்கும், சூடாக இருக்கும்போது படும் குளிர்ந்த நீருக்கும்தான். கம்பித்தட்டைத் தேய்க்க உலோக முடிகள் உள்ள தூரிகை வேண்டாம். ஒரு முடி உதிர்ந்து உணவோடு உள்ளே போனால் தொண்டையையும் குடலையும் குத்தும்.

சமைத்து முடித்ததும் இரண்டு துளைகளையும் அடைத்துவிடுங்கள். தீ அணைந்து, மீந்த கரி அடுத்த முறைக்கு உதவும். சாம்பலை மழைக்காலம் முழுக்க உள்ளேயே விட்டால் ஈரத்தை உறிஞ்சித் தகடுகளை அரிக்கும், துளையும் அடைபடும். அணைந்தது போலத் தெரியும் தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் மழை வந்தாலும் அடுப்பை வீட்டுக்குள்ளோ, கார் நிறுத்துமிடத்திலோ, கூடாரத்திலோ கொண்டுபோய் வைக்கக் கூடாது. சாம்பலை ஒரு முழு நாளாவது ஆறவிட்டு, மூடியுள்ள உலோக டப்பாவில் கொட்டுங்கள்.

வேலை முடிந்து வந்து பத்து நிமிடத்தில் அடுப்பு தயாராக இருக்கவேண்டும் என்பவர்களுக்கு இது சரிவராது, அவர்கள் கேஸ் கிரில் வாங்குவதே மேல்.