நான் எடுக்கற போட்டோவ வீடே சேர்ந்து பாக்கறோம்: கண்ணு தெரியாதவளோட கேமரா அனுபவம்

எனக்கு பிறவியிலேயே பார்வை கிடையாது. போன் கேமராவ விடாம யூஸ் பண்ண ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு, ஆசையா இன்ஸ்டால் பண்ண ஆப்ல பாதி இப்ப போன்லயே இல்ல, மிச்சம் இருக்கறது எது, ஏன் இருக்குன்னு எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. பார்வை இல்லாதவங்க மட்டுமில்ல அவங்க வீட்டுக்காரங்களும் படிங்க, இதுல பாதி வேலை உங்க தலைலதான் விழும்.

மொதல்ல எடுக்கற பக்கம். ஐபோன்ல வாய்ஸ்ஓவர், அதாவது ஸ்க்ரீன்ல இருக்கறத படிச்சு சொல்ற வசதி, ஆன்ல இருக்கறப்ப கேமராவ திறந்தா, முகம் ஃப்ரேமுக்குள்ள வந்ததும் எத்தனை முகம்னு சொல்லும், சின்னதா இருக்கா, ஓரத்துல இருக்கா, நடுவுல இருக்கான்னும் சொல்லும். ஷட்டர் பட்டன தேடி ஸ்க்ரீன தடவிட்டு இருக்க வேணாம், ரெண்டு விரலால டபுள் டேப் பண்ணாலே எடுத்துடும், இல்லனா வால்யூம் பட்டன். எங்க அண்ணன்கிட்ட கூகுளோட பிக்சல் போன் இருக்கு, அதுல கைடட் ஃப்ரேம்னு ஒண்ணு 2022ல பிக்சல் 7 கூட வந்தது, டாக்பேக் (ஆண்ட்ராய்டுல வாய்ஸ்ஓவர் மாதிரி படிச்சு சொல்றது) போட்டுட்டு செல்ஃபி எடுத்தா போனை எந்தப் பக்கம் நகத்தணும்னு சொல்லிகிட்டே வந்து முகம் சரியா உக்காந்ததும் தானே க்ளிக் பண்ணிடும். ரெண்டுமே நல்லா வேலை செய்யுது, குறை சொல்ல முடியாது. ஆனா முகத்த விட்டா எனக்கு வேற நிறைய எடுக்கணும், காந்தி மார்க்கெட் இரைச்சல், மழை ஆரம்பிக்கற நேரத்துல மாடி, காவிரி பாலத்துல பஸ் போற அதிர்வு, இதுக்கெல்லாம் போன் வாய் திறக்காது, காதையும் கையையும்தான் நம்பணும்.

இவ்ஜென் பாவ்சார்னு ஒரு போட்டோகிராபர், 1946ல ஸ்லோவேனியால பிறந்தவரு, சின்ன வயசுலயே ரெண்டு கண்ணும் போயிடுச்சு, அதுக்கப்புறம் பாரிஸ்ல இருந்து வாழ்க்கை பூரா போட்டோ எடுத்தவரு. அவரு கேமராவ கண்ணுகிட்ட வைக்காம வாய்கிட்ட வச்சுப்பாராம், எதிர்ல பேசறவங்க குரல் எங்கேர்ந்து வருதோ அந்த உயரத்துக்கு குறி வைக்க. இத கேள்விப்பட்டதும் நானும் பண்ணி பாத்தேன், சும்மா சொல்லக்கூடாது, போன தாடைல ஒட்டி வச்சு ரெண்டு முழங்கையும் விலாவோட இறுக்கிகிட்டு குரல் வர்ற பக்கம் நேரா முன்னாடி தள்ளினா சாய்வே இல்லாம வருது. காசு கொடுத்து வாங்கின ட்ரைபாடு பரண்ல கிடக்கு.

அடுத்து, எடுத்தத எப்படி பாக்கறது. இங்கதான் விஷயமே இருக்கு.

போட்டோல என்ன இருக்குன்னு வாயால சொல்ற ஏஐ ஆப் எல்லாம் ட்ரை பண்ணியாச்சு. சீயிங் ஏஐ 2017லயே வந்துடுச்சு, 2023ல பி மை ஐஸ்ல ஏஐ விவரிப்பு வந்தப்ப உண்மையிலயே ஆடிப்போயிட்டேன், அது வரைக்கும் "வெளிப்புறம், மரம், ஒரு நபர்"னு மூணு வார்த்தைல முடிஞ்சது திடீர்னு பத்தி பத்தியா வருது, சந்தேகம் கேட்டா அதுக்கும் பதில் வருது. ராத்திரி ரெண்டு மணிக்கு எத எடுத்தேன்னு தெரிஞ்சிக்க யாரையும் எழுப்ப வேணாம், அந்த சுதந்திரத்துக்கு விலையே கிடையாது. இருந்தாலும் எங்க வீட்டு கொலுவ எடுத்து ஒரு ஆப்கிட்ட குடுத்தா பொம்மைக் கடைன்னு அடிச்சு சொல்லுது, விலைச்சீட்டு எதுவும் தெரியலன்னு வேற கூடுதல் தகவல்! தப்பு சொல்றது கூட பரவால்ல. சரியா சொன்னாலும் எல்லா போட்டோவும் ஒரே குரல்ல, ஒரே வரிசைல வருது, முன்னாடி இது, பின்னாடி அது, மொத்தத்துல அமைதியான சூழல். எங்க தெருவுல அமைதியான சூழலா? கேட்டு முடிச்சதும் நான் அடுத்த போட்டோவுக்கு போயிடுவேன், பேச்சு அங்கயே முடிஞ்சுது.

அண்ணன் பொண்ணு ஏழாவது படிக்கறா, அவ சொல்றது வேற மாதிரி. "அத்தை, அப்பா தொப்பைய உள்ள இழுத்துட்டு நிக்கறாரு, மூச்சு விட்டிருக்கவே மாட்டாரு"ன்னு ஆரம்பிப்பா. எங்க அண்ணி சொன்னா யார் என்ன புடவை, கரை என்ன கலர்னுதான் வரும், அண்ணனுக்கு வண்டி கண்ணுல பட்டா மத்தது எதுவும் தெரியாது. ஒரே போட்டோவ மூணு பேர்கிட்ட காட்டினா மூணு பேரும் சண்டை போடுவாங்க, இல்லடி அது சிரிப்பு இல்ல வெயிலுக்கு கண்ண சுருக்கியிருக்கான்னு, நான் அங்கதான்ப்பா நின்னேன் அவன் சிரிச்சுட்டுதான் இருந்தான் சத்தம் கேட்டுச்சுன்னு நான் சொல்ல, திரும்ப ஜூம் பண்ணி பாப்பாங்க. சேர்ந்து பாக்கறதுன்னு நான் சொல்றது இந்த சண்டையதான்.

இதுல எனக்கு பெரிய பாடமே தஞ்சாவூர்ல எடுத்த ஒரு போட்டோதான். பெரிய கோயில் பிரகாரத்துல அண்ணன நிக்க வச்சு எடுத்தேன், பின்னாடி விமானம் முழுசா விழுந்திருக்கு, அண்ணன் தலை வரைக்கும்தான் வருதுன்னு பொண்ணு சொல்றா. 216 அடி விமானம் எப்படி எங்க அண்ணன் உயரத்துக்கு வரும்? தூரமா இருக்கறது சின்னதா தெரியும்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருக்கேன், அது என்னன்னு புரிஞ்சதே கிடையாது, நான் தொட்ட பொருள் எதுவும் நான் தள்ளி போனதும் சுருங்கினது இல்லையே. அவ வீட்டுக்கு வந்து ரெண்டு நூல் எடுத்தா, வாசக்கதவு நிலையோட மேல் ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ஒட்டினா, ரெண்டு நுனியையும் என் கண்ணுகிட்ட சேர்த்து பிடிக்க சொன்னா. கதவு பக்கத்துல நின்னு முகத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி நடுவுல கைய விட்டா முழு கையும் தாராளமா நுழையுது. நூல விட்டுகிட்டே பின்னாடி நடந்து கொல்லைப்பக்கம் வரைக்கும் போய் அதே ஒரு சாண்ல வச்சு பாத்தா ரெண்டு விரல்தான் நுழையுது. கதவு அதே கதவுதான். இத்தனை வருஷமா யாரும் எனக்கு இத காட்டலயேன்னு கோவம்தான் வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் எடுக்கற விதமே மாறிடுச்சு. எலுமிச்சம்பழத்த லென்ஸ்கிட்ட வச்சு அண்ணன மொட்டைமாடி கடைசிக்கு போகச் சொல்லி தலைக்கு பதிலா பழம் வர்ற மாதிரி எடுத்தோம், எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் கீழ, இன்னும் கீழன்னு அவ சொல்ல சொல்ல என் கைக்கே கணக்கு பிடிபட்டுடுச்சு. இப்பல்லாம் யாராவது பின்னணில கோபுரம் வேணும்னா, நீங்க என்கிட்ட வாங்க, நான் குனிஞ்சு எடுக்கறேன்னு நானே சொல்றேன்.

சத்தம் விஷயத்துக்கு வரேன். ஐபோன் லைவ் போட்டோல க்ளிக் பண்றதுக்கு முன்னாடி ஒன்றரை செகண்டு, பின்னாடி ஒன்றரை செகண்டு சத்தத்தோட சேவ் ஆகும், 2015லேர்ந்தே இருக்கற வசதி, பார்வை உள்ளவங்க நிறைய பேர் இடத்த அடைக்குதுன்னு ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க. எனக்கு ஆல்பமே இதுதான். பழைய போட்டோவ தள்ளிட்டு போகும்போது மூணு செகண்டு சத்தம் கேட்டாலே எந்த கல்யாணம், எந்த மண்டபம்னு தெரிஞ்சிடும், அப்புறம் நான் சத்தத்துலேர்ந்து கதைய சொல்வேன், அவங்க ஸ்க்ரீன்லேர்ந்து சொல்வாங்க.

தொட்டு பாக்கற பிரிண்ட்டும் ட்ரை பண்ணோம். ஸ்வெல் பேப்பர்னு ஒண்ணு, கருப்பு மைல வரைஞ்சு சூடு காட்டற மெஷின்ல விட்டா கருப்பு இருக்கற இடம் மட்டும் உப்பி வரும். போட்டோவ அப்படியே அதுல அடிச்சா வேலைக்காகாது, நிழல், தலைமுடி, பின்னாடி மரம் எல்லாமே உப்பி பேப்பர் பூரா வேர்க்குரு மாதிரி ஆயிடும். யாராவது உக்காந்து முக்கியமான கோட்ட மட்டும் எடுத்து வரையணும், எத விடறது எத வைக்கறதுன்னு முடிவு பண்ணணும். மும்பைல பார்த்தோ பௌமிக் 2006ல ஆரம்பிச்ச ப்ளைண்ட் வித் கேமராங்கற, பார்வை இல்லாதவங்க எடுத்த போட்டோ கண்காட்சிகள்ல தொட்டு பாக்கற படமும் ஆடியோ விவரிப்பும் சேர்த்து வச்சாங்க, அது சரியான வழின்னு தோணுது, விரலுக்கு மட்டும் குடுத்தா புரியாது, காதுல ஒரு ஆள் வேணும். வீட்ல எல்லா போட்டோவுக்கும் இத பண்ண முடியாது, பேப்பர் விலை ஜாஸ்தி, மெஷினுக்கு தெரிஞ்ச ஸ்கூல்ல போய் கெஞ்சணும். அந்த தஞ்சாவூர் போட்டோவுக்கு மட்டும் பண்ணி வச்சிருக்கேன்.

ஃபேமிலி குரூப்ல ஒரு ரூல் போட்டோம், போட்டோ போட்டா கீழ ஒரு வரி எழுதணும், எழுதாத போட்டோவுக்கு நான் ஹார்ட் போட மாட்டேன். பெரியம்மா மட்டும் இன்னும் ரோஜாப்பூ குட்மார்னிங்க வரியே இல்லாம அனுப்பறாங்க, அவங்கள ஒண்ணும் பண்ண முடியாது. என் போன்ல போட்டோ ஆப்லயே கேப்ஷன் டைப் பண்ணி வைக்கறேன், வாய்ஸ்ஓவர் படிச்சிடும், யார் சொன்ன வரின்னு பேரையும் சேர்த்து போட்டுடுவேன். வேற ஆப் வழியா அனுப்பும்போது இந்த கேப்ஷன் பெரும்பாலும் கூட போகாது, அதனால மெசேஜ்ல திரும்ப ஒட்டிடுங்க, போன் மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு போட்டோவ புது போனுக்கு அனுப்பி கேப்ஷன் வந்துச்சா, லைவ் போட்டோ சத்தம் வந்துச்சான்னு கேட்டுட்டு பழச அழிங்க.