பெலிகன் எம்200: ஒன்பது வருஷமா ஒரே பேனா

காலேஜ்ல கணக்கு வாத்தியார் நான், தினம் அஞ்சாறு பக்கமாவது கையால எழுதாம பொழுது போகாது. ஒன்பது வருஷமா அத்தனையும் எழுதறது ஒரே பேனாலதான். பெலிகன் எம்200, கறுப்பு, எஃப் நிப்பு, அதாவது மெல்லிசா எழுதற நிப்பு போட்டது. ஜெர்மனில ஹானோவர்ல வேலை பாக்கற சித்தி பையன் லீவுக்கு வரதுக்கு முன்னாடி என்ன வேணும்னு கேட்டான், சாக்லேட் வேண்டாம்டா ஒரு நல்ல இங்க் பேனா வாங்கிட்டு வான்னு சொன்னேன், அந்த கம்பெனி அவன் இருக்கற ஊர்லயே பொறந்ததுன்னு அப்போ ரெண்டு பேருக்குமே தெரியாது.

பெலிகன் ஆரம்பத்துல பேனா கம்பெனியே கிடையாது, இங்க் கம்பெனி. இத மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா இந்த பேனால எனக்கு புடிச்சது எல்லாத்துக்கும் காரணம் அங்கதான் இருக்கு. கார்ல் ஹோர்னமன்னு ஒரு கெமிஸ்ட், ஹானோவர் பக்கத்துல ஓவியக் கலரும் இங்க்கும் செஞ்சு வித்தவர். அவரோட முதல் விலைப்பட்டியல்ல இருக்கற தேதி 1838 ஏப்ரல் 28, அதத்தான் கம்பெனியோட பொறந்த நாளா வச்சிருக்காங்க. 1863ல குந்தர் வாக்னர்னு இன்னொரு கெமிஸ்ட் மேனேஜரா வந்து சேர்ந்தார், 1871ல கம்பெனியே அவர் கைக்கு வந்துடுச்சு. பெலிகன்னா கூழைக்கடா, அவர் குடும்பச் சின்னத்துல இருந்த அந்த பறவையத்தான் 1878ல டிரேட்மார்க்கா பதிவு பண்ணார், ஜெர்மனிலயே ரொம்ப பழைய டிரேட்மார்க்ல அது ஒண்ணு. தாய்ப்பறவை தன் ரத்தத்தையே கொடுத்து குஞ்சுங்கள காப்பாத்தும்னு ஐரோப்பால பழைய நம்பிக்கை உண்டு. காலம் போகப் போக சின்னத்துல குஞ்சுங்க குறைஞ்சுகிட்டே வந்து இப்போ ஒண்ணே ஒண்ணுதான், என் பேனா மூடி உச்சியிலயும் அம்மாவும் ஒரு குஞ்சும்தான் இருக்கு.

வாக்னருக்கு அப்புறம் அவர் மருமகன் ஃபிரிட்ஸ் பைன்டார்ஃப் 1895ல பொறுப்பு எடுத்தார். இவர் காலத்துலதான் கம்பெனி பெருசாச்சு, இன்னிக்கும் கடையில 4001ங்கற பேர்ல கிடைக்கற இங்க்கும் இவர் காலத்து சரக்குதான். ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கி 1924 வாக்குல இந்த இங்க்குக்கு விளம்பரம் செஞ்சிருக்கார், பாட்டிலும் பேனாவும் நிழலாவே விழற மாதிரி ஒரு படம், கிடைச்சா தேடிப் பாருங்க, நூறு வருஷம் ஆச்சுன்னு நம்பவே முடியாது.

இவ்ளோ பெரிய இங்க் கம்பெனி முதல் பேனாவ வித்தது 1929லதான். தொண்ணூறு வருஷம் இங்க் செஞ்சே பழகினவங்க பேனா செஞ்சா எப்படி யோசிப்பாங்க, இங்க் நெறைய புடிக்கணும், எவ்ளோ இருக்குன்னு கண்ணுல தெரியணும், சுலபமா ஏத்தணும். இது மூணும் அந்த முதல் பேனாலயே இருந்துச்சு. தியோடர் கோவாச்னு ஒரு ஹங்கேரி இன்ஜினியர் கண்டுபிடிச்ச பிஸ்டன், அதோட பேடன்ட்ட வாங்கிட்டாங்க. அந்த காலத்துல மத்த பேனா பலதுலயும் உள்ள ரப்பர் பைதான், நாம ஸ்கூல் படிக்கறப்போ டியூப அமுக்கி அமுக்கி இங்க் ஏத்துவோமே அந்த வகை. இதுல உடம்பே டேங்க். பின்னாடி இருக்கற கொண்டைய திருப்பினா அது கொஞ்சூண்டுதான் வெளிய வரும், உள்ள பிஸ்டன் அத விட நெறைய தூரம் போகும், ரெண்டு மரையும் வேற வேற அளவுல வெட்டியிருக்கறதால அப்படி. நிப்ப பாட்டில்ல முக்கி திருப்பி மூடினா தீர்ந்துச்சு வேலை.

என் பேனாலயும் அதே ஐடியாதான். ஒரு தடவை ஏத்தினா 1.2 மில்லி பக்கம் புடிக்கும், எனக்கு அஞ்சு நாள் ஆறு நாள் வரும், உடம்புல இருக்கற ஜன்னல வெளிச்சத்துல காட்டினா மிச்சம் எவ்ளோன்னு தெரியும், அதனால கிளாஸ் நடுவுல இங்க் தீர்ந்து நின்னது இந்த ஒன்பது வருஷத்துல ஒரு தடவை கூட கிடையாது.

எழுத்துக்கு வரேன். பெலிகன் நிப்புங்க இங்க்க தாராளமா விடும், எஃப்னு போட்டிருந்தாலும் கோடு ஜப்பான் பேனாவோட எம், அதாவது நடுத்தர நிப்பு மாதிரி இருக்கும். கணக்குக்கு அது ரொம்ப நல்லா இருந்துச்சு, பெரிய பெரிய சிக்மா, இன்டெக்ரல் எல்லாம் வழுக்கிட்டு போகும். தமிழ் எழுதறப்போதான், நான் பொடி எழுத்து எழுதறவன், ணை, ஞ, இ எல்லாத்துலயும் சுழி அடைஞ்சு போச்சு. அப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சுகிட்டேன், இதுல நிப்பு, அதுக்கு அடியில இருக்கற கட்டை எல்லாம் ஒரே செட்டா கையால திருகி கழட்டிடலாம், எஃப்ப விட மெல்லிசான ஈஎஃப் செட் தனியா வாங்கி மாட்டினேன், வேற பேனா வாங்கின மாதிரியே ஆயிடுச்சு. தமிழ் எழுத வாங்கறவங்க மொதல்லயே ஈஎஃப் வாங்கிடுங்க. மூணாவது வருஷம் பேனாவ டைல்ஸ் தரையில தலைகீழா போட்டுட்டேன், நிப்பு வளைஞ்சே போச்சு, வயிறு எரிஞ்சது. ஆனா போனது நிப்பு மட்டும்தான், அன்னிக்கு ராத்திரியே பழைய எஃப் செட்ட மாட்டி மறுநாள் கிளாஸுக்கு எடுத்துட்டு போனேன்.

இன்னொரு தடவை மே மாச லீவுல ப்ளூ பிளாக் இங்க்க உள்ளயே விட்டுட்டு ஊருக்கு போயிட்டேன். அது இரும்பு உப்பு கலந்த இங்க், காகிதத்துல தண்ணி பட்டாலும் நிக்கும், அதுக்காகத்தான் நான் அத வச்சுக்கறது, ஆனா காய விடக்கூடாது. வந்து பாத்தா பிஸ்டன் இறுகிக் கெடக்கு. பலவந்தம் பண்ணல, சாதா தண்ணில ஒரு நாள் பூரா ஊறவச்சு இருபது முப்பது தடவை ஏத்தி இறக்கினேன், அப்புறம் நிப்பு செட்ட கழட்டிட்டு பல்குச்சி நுனில சிலிகான் கிரீஸ் துளியூண்டு எடுத்து உள்சுவத்துல தடவினேன், இப்போ வெண்ணெய் மாதிரி ஓடுது. ராயல் ப்ளூ இங்க் போட்டா இந்த கவலை கிடையாது, ஆனா அது தண்ணி பட்டா போயிடும், ஜெர்மன் ஸ்கூல் பசங்க அழிச்சு எழுதறதுக்கு தோதான இங்க் அது. அவங்களுக்குன்னே 1960ல பெலிகானோன்னு ஒரு பேனா விட்டாங்க.

கம்பெனி வாழ்க்கை இவ்ளோ சுகமா ஓடல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல தங்க நிப்பு போட முடியாம ஸ்டீல் நிப்பு போட்டு வித்தாங்க. 1950ல வந்த 400ங்கற மாடல்தான் இன்னிக்கு நாம பாக்கற பெலிகனோட முகம், கோடு கோடா இருக்கற உடம்பு, அலகு மாதிரி கிளிப். உடம்புல இருக்கற அந்த கோடுங்களுக்கு ஸ்ட்ரேஸமான்னு செல்லப்பேர், கோடு போட்ட பேன்ட் போட்ட ஒரு ஜெர்மன் வெளியுறவு மந்திரியோட பேர் அது. அப்புறம் சம்பந்தமில்லாத தொழில்ல எல்லாம் கால வச்சு 1982ல திவால் ஆயிட்டாங்க. அதே வருஷம்தான் பழைய 400 எம்400ன்னு திரும்ப வந்துச்சு, 1985ல அதோட சின்னத் தம்பியா ஸ்டீல் நிப்பு போட்ட எம்200. 1996ல மலேசியாக்காரங்க கைக்கு போச்சு, 2023ல ஃபிரான்ஸோட ஹாமலன் கம்பெனி வாங்கிடுச்சு. ஹானோவர்ல பொட்பீல்ஸ்கி தெருவுல இருந்த பழைய ஃபேக்டரி கட்டடம் இப்போ ஹோட்டல், தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான், செங்கல் சுவர் அப்படியே கம்பீரமா நிக்குது.

கை மாறிகிட்டே இருக்கற கம்பெனில நாளைக்கு எத நிறுத்துவாங்க எத வைப்பாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு, பேனா இன்னும் இருபது வருஷம் ஓடும், நிப்பு கிடைக்கணுமே. போன மாசம் தம்பிகிட்ட சொல்லி இன்னொரு ஈஎஃப் செட் வாங்கி வரவச்சு பீரோல வச்சிருக்கேன்.