டேபிள தானா உருவாக்கிக்கிற சர்வர் ஆப்: பல வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

சர்வர் ஆப் ஸ்டார்ட் ஆகும்போதே டேபிள் எல்லாத்தையும் தானா உருவாக்கிக்கும், வெர்ஷன் மாற மாற ஸ்கீமாவையும் (டேபிள், ஃபீல்டோட அமைப்பு) தானா மாத்திக்கும், இந்த வசதிய நான் ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) பக்கம் பல வருஷமா யூஸ் பண்றேன், நடுவுல பைத்தான் ஃப்ரேம்வொர்க் ஜாங்கோவும் மைஎஸ்க்யூஎல்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ் மேல ஓடுற பழைய ஆப் ஒண்ணும் கைக்கு வந்துச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணே தான், "டிடிஎல் ஆட்டோவ அப்டேட்ல விட்டா எல்லாம் நடக்குதே, தனியா மைக்ரேஷன் ஃபைல் எதுக்கு?" டிடிஎல் ஆட்டோங்கிறது கிளாஸப் பாத்து டேபிள தானா உருவாக்கவோ மாத்தவோ சொல்ற செட்டிங், மைக்ரேஷன் ஃபைல்ங்கிறது ஸ்கீமாவுல என்ன மாத்தணும்னு எழுதி வெக்கிற ஃபைல். ஓட்டுற வேலைய மெஷின்கிட்ட தாராளமா விடுங்க, என்ன மாத்தணும்னு முடிவு பண்றத மட்டும் விட்டுடாதீங்க. ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல்ல நல்லது. ஸ்பிரிங் பூட்ல டேட்டாபேஸ் வேலையப் பாக்குற லைப்ரரி ஹைபர்நேட்ல இந்த டிடிஎல் ஆட்டோ செட்டிங்குக்கு நன், வேலிடேட், அப்டேட், கிரியேட், கிரியேட்-ட்ராப்னு வேல்யூ உண்டு. நன் எதையும் தொடாது, வேலிடேட் சரி பாக்க மட்டும் செய்யும், அப்டேட் இல்லாதத சேர்க்கும், கிரியேட் புதுசா உருவாக்கும், கிரியேட்-ட்ராப் ஆப் நிக்கும்போது அழிச்சும் விடும். எச்2 மாதிரி ஆப்புக்குள்ளயே ஓடுற எம்பெடட் டேட்டாபேஸ் இருந்து, மைக்ரேஷன் ஓட்டுற டூல் ஃப்ளைவே, லிக்விபேஸ் ரெண்டும் இல்லன்னா ஸ்பிரிங் பூட் தானாவே கிரியேட்-ட்ராப் எடுத்துக்கும், மத்தபடி நன் தான், இது நல்லா யோசிச்சு வெச்ச டிஃபால்ட். ஐடியா ஒண்ண ட்ரை பண்ணிப் பாக்குற நேரத்துல கிளாஸ் எழுதினதும் டேபிள் ரெடியா நிக்குறது அவ்ளோ சுகம், டேட்டாவே இல்லாத கட்டத்துல இதுக்கு மேல எதுவும் தேவையில்ல, நானும் இன்னிக்கி வரைக்கும் புது ப்ராஜெக்ட்ட இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

உண்மையான டேட்டா உள்ள வந்ததும் கதை மாறுது. யூசர் டேபிள்ல "போன்"னு ஒரு ஃபீல்டு இருக்கு, நாட் நல் (காலியா விட முடியாது) போட்டிருக்கு. கிளாஸ்ல அந்தப் பேர "மொபைல்"னு மாத்துறீங்க. அப்டேட் மோடுக்கு இது பேர் மாத்தம்னு தெரியவே தெரியாது, மொபைல்னு ஒண்ணு இல்லையேன்னு பாத்து புதுசா சேர்த்துடும், பழைய போன் ஃபீல்டு நம்பரோட அப்படியே கிடக்கும், ஏன்னா அப்டேட் எதையும் டெலீட் பண்ணாது. இப்போ ஆப் சுத்தமா ஸ்டார்ட் ஆகும், எரர் கிடையாது, ஆனா ஸ்க்ரீன்ல பழைய யூசர் எல்லாருக்கும் நம்பர் காலி, அதோட புது யூசர் ஒருத்தர சேர்க்கப் போனா இன்சர்ட் ஃபெயில் ஆகும், போன் ஃபீல்டுக்கு யாரும் வேல்யூ குடுக்கலையே. புது ஃபீல்டும் நாட் நல்லா இருந்தா இன்னும் விசேஷம், ரோ இருக்குற டேபிள்ல போஸ்ட்கிரெஸ் டிஃபால்ட் இல்லாம அத சேர்க்க விடாது, ஆல்டர் (டேபிள மாத்துற கமாண்ட்) ஃபெயில் ஆகும், அத லாக்ல (ஆப் எழுதுற பதிவு) ஒரு வார்னிங்கா எழுதிட்டு ஆப் பாட்டுக்கு மேல போயிடும். லெங்த் சொல்லாம விட்ட ஸ்ட்ரிங் எல்லாம் 255ன்னு உக்காந்துக்கும், பின்னாடி கிளாஸ்ல 500ன்னு மாத்தினா ஏற்கனவே இருக்குற ஃபீல்டு பெருசாகும்னு நம்பிடாதீங்க.

ஜாங்கோ இதுல ரொம்ப நாகரிகம். 2014ல வந்த 1.7 வெர்ஷன்லயே மைக்ரேஷன உள்ளயே சேர்த்துட்டாங்க, அதுக்கு முன்னாடி சவுத்னு தனி லைப்ரரி போடணும். மேக்மைக்ரேஷன்ஸ் கமாண்ட் ஓட்டினா பேர் மாத்தமா இருக்குமோன்னு சந்தேகம் வந்தா நம்மளயே கேக்கும், ஆமான்னு சொன்னா ரீநேம்னு எழுதும். அது எழுதுறது நாம படிச்சுப் பாத்து கமிட் பண்ற ஃபைல், புரொடக்ஷன்ல (நிஜ யூசர் இருக்குற சர்வர்) ஓடப்போறது அதே ஃபைல் தான். எனக்கு வேண்டியது இந்த ஒரு படி தான், நடுவுல ஒரு மனுஷன் கண்ணு படணும்.

ஜாவா பக்கம் அதுக்கு நான் ஃப்ளைவேக்கு வந்துட்டேன். ஃபைல் பேர் வி, நம்பர், ரெண்டு அண்டர்ஸ்கோர், சின்ன விளக்கம், உள்ள வெறும் எஸ்க்யூஎல், அவ்ளோ தான். எது ஓடுச்சுங்கிறத ஹிஸ்டரி டேபிள் ஒண்ணுல செக்சம்மோட (ஃபைல் உள்ளடக்கத்துலேர்ந்து கணக்கு போட்டு எடுத்த நம்பர்) எழுதி வெச்சுக்கும். ஓடி முடிஞ்ச ஃபைல்ல யாராவது ஒரு கமெண்ட்ட திருத்தினா கூட அடுத்த ஸ்டார்ட்ல "செக்சம் மிஸ்மேட்ச்"னு நின்னுடும், நிறைய பேர் இதுக்கு எரிச்சல் படுறாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே இது தான், புரொடக்ஷன்ல ஓடுனது என்னங்கிறதுல சந்தேகமே வராது. ஹிஸ்டரி டேபிள சரி பண்ற ரிப்பேர் கமாண்ட் ஒண்ணு இருக்கு, காரணம் தெரியாம அத அடிக்கிறது மட்டும் வேணாம்.

டீம்ல ரெண்டு பேர் தனித்தனி பிராஞ்ச்ல ஒரே நம்பர் போட்டுட்டு மெர்ஜ்ல மோதிக்கிறது வாடிக்கை, நம்பருக்கு பதிலா தேதி நேரத்தையே வெர்ஷனா வெச்சா அது நின்னுடும். ஆனா பழைய தேதி போட்ட ஃபைல் லேட்டா மெர்ஜ் ஆனா வேலிடேஷன் கத்தும், அதையும் பழகிக்கணும்.

பெரிய டேபிள்னு வந்துட்டா எந்த டூல்ங்கிறத விட டேட்டாபேஸ் எப்படி நடந்துக்குதுங்கிறது தான் முக்கியம். போஸ்ட்கிரெஸ்ல டிடிஎல்லும் (டேபிள் அமைப்ப மாத்துற கமாண்ட்) டிரான்சாக்ஷனுக்குள்ள (முழுசா நடக்கும், இல்லன்னா எதுவுமே நடக்காது) அடங்கும், மைக்ரேஷன் பாதியில விழுந்தா முழுசா திரும்பிடும், மைஎஸ்க்யூஎல்ல ஆல்டர் ஒவ்வொண்ணும் அங்கங்கயே கமிட் ஆயிடும், அஞ்சு ஆல்டர்ல மூணாவது விழுந்தா முதல் ரெண்டும் உள்ள நிக்கும், கையால தான் சரி பண்ணணும். அதனால மைஎஸ்க்யூஎல்னா ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு ஆல்டர்னு வெச்சுக்கோங்க, ஃபைல் கூடினா கூடட்டும்.

போஸ்ட்கிரெஸ்லயும் கண்ணுக்கு தெரியாத பள்ளம் ஒண்ணு உண்டு. வெர்ஷன் 11லேர்ந்து நிலையான டிஃபால்ட்டோட ஃபீல்டு சேர்த்தா டேபிள திருப்பி எழுதுறதில்ல, நொடியில முடியுற வேலை. ஆனா அந்த நொடி வேலைக்கும் டேபிள் மேல முழு லாக் (பூட்டு) வேணும். யாரோ ஒருத்தர் அதே டேபிள்ல பெரிய ரிப்போர்ட் க்வெரி ஓட்டிட்டு இருக்காங்கன்னா ஆல்டர் அது முடியுற வரைக்கும் காத்திருக்கும், அதுக்கப்புறம் வர்ற சாதாரண செலக்ட் கூட ஆல்டருக்குப் பின்னாடி வரிசையில நிக்கும், பாக்குறவங்களுக்கு சைட்டே செத்துப்போன மாதிரி இருக்கும், சிபியூவப் பாத்தா ஒண்ணுமே இல்ல. மைக்ரேஷன் ஓட்டுறதுக்கு முன்னாடி லாக் டைம்அவுட்ட சில செகண்டுக்கு வெச்சுடுங்க, லாக் கிடைக்கலன்னா அது விழட்டும், திரும்ப ஓட்டிக்கலாம். இண்டெக்ஸ் (தேடுறத வேகமாக்குற பட்டியல்) போடும்போது கன்கரண்ட்லிங்கிற வார்த்தைய சேர்த்தா எழுதுறவங்கள நிறுத்தாது, ஆனா டிரான்சாக்ஷனுக்குள்ள ஓடாது, நடுவுல விழுந்தா இன்வேலிட் இண்டெக்ஸ் ஒண்ணு மிச்சம் கிடக்கும், அத ட்ராப் பண்ணிட்டு தான் மறுபடி போடணும். ஃப்ளைவே பிடிச்சு வெச்சிருக்குற சொந்த டிரான்சாக்ஷனுக்கே இந்த கன்கரண்ட்லி காத்துக்கிட்டு முடிவே இல்லாம தொங்குறதும் உண்டு, போஸ்ட்கிரெஸ் டிரான்சாக்ஷனல் லாக்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஃபால்ஸ் ஆக்கினா போயிடும்.

ஆப் ஸ்டார்ட்லயே மைக்ரேஷன் ஓட்டுறது ஒரு சர்வர் இருக்குற வரைக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆப்ப பல காப்பியா ஓட்டுற குபர்நெட்டிஸ்ல பல பாட் (ஆப்போட ஒவ்வொரு காப்பி) ஒரே நேரத்துல எழுந்தா டூல் லாக் போட்டு ஒண்ண மட்டும் உள்ள விடும், அதுல பிரச்சனை இல்ல, ஆனா மைக்ரேஷன் இழுத்தா ஆப் உயிரோட இருக்கான்னு பாக்குற லைவ்னெஸ் ப்ரோப் பொறுமை இழந்து பாட்ட கொன்னுடும், டிரான்சாக்ஷன் திரும்பிடும், அடுத்த பாட் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும், அதையும் கொல்லும், சுத்திக்கிட்டே இருக்கும். லிக்விபேஸ்ல லாக்க டேபிள்ல ஒரு ரோவா எழுதி வெக்கிறதால பாட் செத்தாலும் ரோ சாகாது, அடுத்தது எல்லாம் சேஞ்ச்லாக் லாக்குக்கு காத்திருக்கேன்னு பதிவுல எழுதிட்டு நிக்கும், ரிலீஸ் லாக்ஸ் கமாண்ட் அடிக்கணும். அதனால டிப்ளாய்க்கு முன்னாடி மைக்ரேஷன மட்டும் தனி ஜாபா ஓட்டுறேன், அது முடிஞ்சா தான் புது பாட் வரும், ஆப்புக்கு டேபிள மாத்துற பர்மிஷனே குடுக்குறதில்ல.

ரோல்பேக் (மைக்ரேஷன திருப்பிப் போடுறது) பத்தி டாக்குமெண்ட்ல இருக்குற நம்பிக்க எனக்கு இல்ல. ஃபீல்ட ட்ராப் பண்ணதுக்கப்புறம் அத ரிவர்ஸ் பண்ற டவுன் மைக்ரேஷன் ஃபீல்ட திருப்பிக் குடுக்கும், டேட்டாவ யார் குடுப்பா? பேர் மாத்தணும்னா புது ஃபீல்ட சேர்த்து, கோட் கொஞ்ச நாள் ரெண்டுலயும் எழுதி, பழைய ரோவ எல்லாம் சின்ன சின்ன பேட்ச்சா நிரப்பி, படிக்கிறத புதுசுக்கு மாத்தி, பழசு பக்கம் யாரும் போறதில்லன்னு உறுதியானதும் தனி ரிலீஸ்ல ட்ராப் பண்றது தான் வழி. வேலை இழுக்கும் தான், ஆனா எந்த கட்டத்துலயும் பழைய கோட் வெர்ஷனுக்கு தைரியமா திரும்பலாம்.

இப்போ அப்டேட் மோடுலயே ஓடிட்டு இருக்குற ஆப் கையில இருந்தா மாறுறது நினைக்கிற அளவு கஷ்டம் இல்ல. புரொடக்ஷன்லேர்ந்து ஸ்கீமாவ மட்டும் டம்ப் (எஸ்க்யூஎல் காப்பி) எடுத்து அதையே வி1 ஆக்குங்க, கிளாஸப் பாத்து ஜெனரேட் பண்ணாதீங்க, வருஷக்கணக்கா அப்டேட் விட்டுட்டுப் போன பழைய ஃபீல்டு எல்லாம் புரொடக்ஷன்ல தான் இருக்கும். அங்க ஃப்ளைவேயோட பேஸ்லைன் கமாண்ட் போட்டு வி1 ஓடினதா குறிச்சுக்கோங்க, டிடிஎல் ஆட்டோவ வேலிடேட்டுக்கு மாத்துங்க. வேலிடேட் டேபிள், ஃபீல்டு, டைப் மட்டும் தான் பாக்கும், இண்டெக்ஸும் நாட் நல்லும் அதுக்கு கண்ணுல படாது, அதனால வி1ஐ காலி டேட்டாபேஸ் ஒண்ணுல ஓட்டி அதோட டம்பையும் புரொடக்ஷன் டம்பையும் பக்கத்துல வெச்சு ஒரு டிஃப் பாத்துடுங்க, வித்தியாசம் ஒண்ணும் இல்லன்னா அன்னிக்கே வி2 எழுத ஆரம்பிச்சுடலாம்.