காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: உடைசல் தேடிப் போகிறவர்களுக்கு

காரைக்குடி போகிறவர்கள் பலரும் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வருவார்கள். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். வீட்டை அலங்கரிக்க தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஆளுயரக் கதவு என்று வாங்கத்தான் முக்கால்வாசிப் பேர் வருகிறார்கள். நான் போவது வேறு வேலைக்கு. பழைய மரத்துண்டு, தகரம், கீல், கடுதாசி எல்லாவற்றையும் ஒரு பலகையில் சேர்த்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி செய்வேன், நாலு வருஷமாக. இதே வேலை செய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கடை முன்னால் துடைத்து அடுக்கியிருப்பதில் நமக்கு எதுவும் கிடையாது, விலையும் கட்டாது. நேராகப் பின்பக்கம் போய்விடுங்கள். நான் வழக்கமாகப் போகிற கடையில், மாடிப்படிக்கு அடியில் நாலைந்து சாக்கும் ஒரு பெரிய அண்டாவும் இருக்கும். காது போன சட்டி, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, நாதாங்கி, கதவுக் குமிழ், அஞ்சறைப் பெட்டியின் மூடி மட்டும், எல்லாம் அதற்குள். முதல் தடவை கேட்டபோது கடைக்காரர், "அதுல என்னம்மா இருக்கு, எல்லாம் உடைஞ்சது" என்றார். "உடைஞ்சதுதான் அண்ணே வேணும்" என்றேன். ஒரு முக்காலியைப் போட்டு, கிளறிக்கோ என்று விட்டுவிட்டார். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளறுகிறவரை அவசரப்படுத்தாத கடை கிடைப்பது பெரிய விஷயம், இந்தத் தெருவுக்கு நான் முதல் மதிப்பெண் கொடுப்பது அதற்குத்தான்.

அன்றைக்குக் கிடைத்தது ஒரு எனாமல் தூக்கின் மூடி, 150 ரூபாய். வெள்ளை மூடி, விளிம்பில் நீலக் கோடு, ஒரு பக்கம் எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்து, அந்த இடம் துருப்பிடித்துக் காப்பிக் கறை மாதிரி இருக்கிறது. கூடவே ஒரு ஜன்னல் சட்டத் துண்டு. கீல் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடுக்கடுக்காகத் தெரிகிறது: மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள், கடைசியில் தேக்கு. ஒரு வீட்டில் எத்தனை கல்யாணத்துக்கு வெள்ளையடித்துப் பெயிண்ட் பூசினார்களோ, அத்தனையும் அந்த விரலளவு இடத்தில். இதை நான் எந்த வண்ணம் வாங்கிக் கலந்தாலும் கொண்டுவர முடியாது.

இந்தச் சாமான் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கணும். இந்தப் பக்கத்து நகரத்தார் (செட்டியார்கள்) பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து தேக்கு கொண்டுவந்து கட்டிய வீடுகளிலிருந்துதான். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு அந்தத் தொழில் சரிந்தது. அப்புறம் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊர், பராமரிக்க முடியாமல் இடித்து விற்கிறார்கள். பாத்திரத்தின் அடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் தலைப்பெழுத்துகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப் போகிறது. யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராக வந்த பாத்திரம். அந்த எழுத்து மறையாத மாதிரிதான் ஒட்டுவேன். முழுசாக இருக்கிற பாத்திரத்தை என் வேலைக்காக வெட்டுவதும் இல்லை.

ஏமாற்றமும் உண்டு. ஒரு கடையில் 900 ரூபாய்க்கு வாங்கிய பித்தளைப் பூட்டு, வீட்டில் புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று புதுசு. பழசாகத் தெரிய எதையோ பூசியிருக்கிறார்கள். அதிலிருந்து, கை படுகிற இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். மரத்தை ஒரு தட்டுத் தட்டினால் மாவு கொட்டுகிறதா என்றும் பாருங்கள், கொட்டினால் மரத்தை அரிக்கிற உளுப்புப் பூச்சி உள்ளே இருக்கலாம். சின்னத் துண்டாக இருந்து விட மனசில்லை என்றால், பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு எடுங்கள், பூச்சி செத்துவிடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

ஒட்டுவதற்கு: மரத்தோடு மரம், காகிதம் என்றால் ஃபெவிகால் போதும். எனாமல், இரும்பு என்றால் அது பிடிக்காது, இரண்டு ட்யூப் கலக்கிற எபாக்ஸிதான். ஒட்டுகிற பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, ஒட்டியபின் ஒரு ராத்திரி முழுக்க அசைக்காமல் விடணும். பூட்டு மாதிரி கனமான சாமானுக்குப் பசையை நம்பாதீர்கள், பின்னாலிருந்து ஸ்குரூ போடுங்கள்.

உடைந்த வளையல், பீங்கான் துண்டு இங்கே அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. சண்டிகரில் நேக் சந்த் என்பவர் 1957லிருந்து யாருக்கும் தெரியாமல் உடைசல் சேர்த்துக் கட்டிய ராக் கார்டன் என்கிற சிற்பத் தோட்டத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வளையல் மேல் ஒரு கண். அதற்கு நம் ஊர் வளையல் கடைகளில் சொல்லி வைத்தால் போதும், காரைக்குடி வரை வரவேண்டாம்.

காலையிலேயே போய்விடுங்கள், பின்கட்டில் வெளிச்சம் கம்மி. ஒரு டார்ச், பழைய துணி, கையுறை, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூடி இப்போது ஜன்னல் சட்டத்துக்கு நடுவில், நிலா மாதிரி, எங்கள் கூடத்தில் தொங்குகிறது.